மதில் நின்ற ஊர், ஏரி நின்ற ஊர்: நோர்ட்லிங்கனும் மகேந்திரவாடியும்

1. கேள்வி

இராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி வட்டத்தில், சோளிங்கர் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி மகேந்திரவாடி இருக்கிறது. வயல்களை ஒட்டித் தனித்து நிற்கும் ஒரு பாறையைக் குடைந்து, 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் திருமாலுக்கு ஒரு கோயில் எடுத்தான். அங்கே வெட்டப்பட்டுள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு ஒரே ஒரு செய்யுள்தான். அதற்குள் மூன்று பெயர்கள் வருகின்றன. கோயில் மகேந்திர விஷ்ணுகிருகம். அது இருப்பது மகேந்திர தடாகத்தின் அருகே. ஊர் மகேந்திரபுரம், அதுவும் பெரிய நகர் என்ற அடைமொழியோடு.

இந்த மூன்றில் கோயில் இன்றும் நிற்கிறது. தடாகம் என்று அறிஞர்கள் அடையாளம் காணும் ஏரி இன்றும் வயலுக்கு நீர் தருகிறது. பெரிய நகர் மட்டும் இல்லை. மகேந்திரவாடி இன்று ஒரு சிற்றூர்.

ஒரு பழைய ஊரில் எது எஞ்சுகிறது, எது அழிகிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஒப்பீட்டுக்குத் தென் ஜெர்மனியின் பவேரிய மாநிலத்தில், டோனாவ்-ரீஸ் என்னும் வேளாண் மாவட்டத்திலுள்ள நோர்ட்லிங்கனை எடுத்துக்கொள்கிறேன். அந்த ஊருக்குச் செல்ல எனக்கு வாய்த்தது. இடைக்கால மதிலுக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கும் ஊர் அது. அங்கே தோல் பதனிட்டவர்களின் தெரு ஒன்றும் உண்டு. வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரத்திலிருந்து போகிற ஒருவரால் அந்தத் தெருவைக் கடந்து சும்மா வந்துவிட முடியாது.

2. நிலவும் விளக்கமும் அதன் குறையும்

இந்தியத் தோல் பொருள்களையும் காலணிகளையும் நெடுங்காலமாக வாங்கிவரும் நாடுகளில் ஜெர்மனி முக்கியமானது. வணிகத்துக்காகவும் கண்காட்சிகளுக்காகவும் நம் பக்கத்திலிருந்து அங்கே போய் வருபவர்கள் பலர். பழைய மதில்களையும் மரச்சட்ட வீடுகளையும் பார்த்துத் திரும்புகிறவர்கள் பேச்சிலும் எழுத்திலும் ஒரே முடிவுக்கு வருவதைக் காண்கிறோம்: அவர்களுக்குப் பாதுகாக்கத் தெரிகிறது, நமக்குத் தெரியவில்லை.

இந்த ஆதங்கத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் விளக்கமாக எடுத்துக்கொண்டால் இது இரண்டு இடங்களில் தடுமாறுகிறது. பாதுகாப்பை ஒரு மக்களின் மனப்பாங்காகக் கருதி, அதன் பின்னுள்ள பொருளியலையும் நிர்வாகத்தையும் விட்டுவிடுகிறது. பாதுகாக்கத்தக்கது என்றால் கட்டடம்தான் என்று கேள்வியே இல்லாமல் ஏற்றுக்கொள்கிறது. நோர்ட்லிங்கன் வரலாறு முதல் எண்ணத்தைக் கலைக்கிறது, மகேந்திரவாடி இரண்டாவதை.

3. நோர்ட்லிங்கன்: வறுமை காத்த மதில்

ஏறத்தாழ 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான பெரும்பள்ளத்துக்குள் அமைந்த ஊர் நோர்ட்லிங்கன். 1970இல் அப்போலோ 14 விண்வெளி வீரர்கள் பாறைகளை இனங்காணும் பயிற்சிக்காக இங்கே வந்தனர். விண்கல் மோதலில் உருவான பாறையைக் கொண்டே ஊர் நடுவிலுள்ள புனித ஜார்ஜ் தேவாலயம் எழுப்பப்பட்டது. அதன் கோபுரம் ஏறக்குறைய 90 மீட்டர் உயரம். 1215இல் ஊர் நேரே பேரரசனுக்குக் கட்டுப்பட்ட தன்னாட்சி நகரமாகியது. இன்றைய மதில் 1327இல் தொடங்கியது. சுற்றளவு சுமார் 2.7 கிலோமீட்டர், ஐந்து வாயில்கள். மதில்மேல் கூரையிட்ட நடைவழியில் ஊரை முழுவதுமாகச் சுற்றி வரலாம். நான் சுற்றியபோது ஒருபுறம் வீடுகளின் பின்முற்றங்களில் துணி காய்ந்துகொண்டிருந்தது, மறுபுறம் அகழி இருந்த தாழ்வில் புல் வளர்ந்திருந்தது. காட்சிக்காக வைத்த ஊர் அல்ல அது. மக்கள் வாழ்ந்துகொண்டிருக்கும் ஊர்.

இந்த மதில் எப்படி நின்றது? பெந்தெகொஸ்தே நாளையொட்டி நடந்த பெருஞ்சந்தை நோர்ட்லிங்கனுக்குச் செல்வம் தந்தது. 1219ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அச்சந்தை பேசப்படுகிறது. முப்பதாண்டுப் போரில், 1634 செப்டம்பரில், நகருக்கு வெளியே பெரும்போர் நடந்தது. முற்றுகையும் பஞ்சமும் கொள்ளைநோயும் மக்கள்தொகையைக் குலைத்தன. வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் ஃபிரிட்ரிக்ஸ் 1979இல் வெளியிட்ட நூல், 1580 முதல் 1720 வரையான காலத்துக்கு நகரின் வரிப்பதிவேடுகளைக் கொண்டு கைவினைஞர் குடும்பங்களின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. போர்ச்செலவும் வரியும் நகரைக் கரைத்தன. பழைய செழிப்பு பிறகு திரும்பவில்லை.

செழிப்பு திரும்பியிருந்தால் மதில் நின்றிருக்குமா என்பது ஐயத்துக்குரியது. 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்த ஐரோப்பிய நகரங்கள் பல தம் மதில்களைத் தாமே இடித்துச் சாலை போட்டன. நோர்ட்லிங்கனுக்கு அப்படி விரிய வேண்டிய தேவை பெரிதாக எழவில்லை. 1802-03இல் தன்னாட்சி பறிபோய்ப் பவேரியாவின் கீழ் வந்தது. 1826இல் அரசர் முதலாம் லுட்விக் பழைய நகர மதில்களை இடிப்பதற்குத் தடை விதித்தார். முதலில் வறுமை காத்தது, பிறகு அரசாணை காத்தது. பழமையைப் போற்றும் உணர்வு இவ்விரண்டுக்கும் பின்னால் வந்து சேர்ந்தது.

பக்கத்து ஆன்ஸ்பாக் மாவட்டத்து ரோத்தன்பர்க் இதற்கு இன்னொரு சான்று. உலகம் அறிந்த இடைக்கால ஊர் அது. 1945 மார்ச் 31 அன்று விழுந்த குண்டுகளில் பழைய ஊரின் ஏறத்தாழ 40 விழுக்காடு அழிந்தது. இன்று நாம் பார்க்கும் மதிலின் ஒரு பகுதி, வெளிநாட்டார் உள்ளிட்ட கொடையாளர்களின் பணத்தில் பிறகு எழுந்தது. கொடுத்தவர்களின் பெயர்கள் கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன. நம் கோயில் படிக்கட்டுகளிலும் தூண்களிலும் உபயதாரர் பெயரைக் கண்டு பழகிய கண்ணுக்கு அதில் புதுமை இல்லை. ஆனால் இடைக்காலத்திலிருந்து மாறாமல் வந்தது என்று நாம் நம்பும் ஊரில், 20ஆம் நூற்றாண்டில் எதை மீட்பது என்று எடுத்த முடிவும் கலந்திருக்கிறது.

4. மகேந்திரபுரம்: சான்றுகளை நிறுத்துப் பார்த்தல்

மகேந்திரவாடிக் கல்வெட்டைப் படித்து 1896-97ஆம் ஆண்டுகளுக்கான எபிகிராபியா இண்டிகா நான்காம் தொகுதியில் வெளியிட்டவர் யூஜன் ஹுல்ட்ஸ். டிரெஸ்டனில் பிறந்த இந்த ஜெர்மானியர் 1886 முதல் 1903 வரை சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக இருந்தார். பாறையைப் பிளந்து இந்த உறுதியான கோயிலைக் குணபரன் செய்வித்தான் என்று செய்யுள் கூறுகிறது. குணபரன் என்பது மகேந்திரவர்மனின் விருதுப் பெயர். குடைவரையின் கட்டட அமைப்பைப் பின்னாளில் கே.ஆர். சீனிவாசன், பல்லவர் குடைவரைகளைப் பற்றிய தம் 1964ஆம் ஆண்டு நூலில் ஆராய்ந்தார். எழுத்தும் சிற்பமும் இப்படி நன்றாகவே ஆராயப்பட்டுவிட்டன. நகரைப் பற்றி அந்த ஒரு சொற்றொடருக்கு மேல் நம்மிடம் அதிகம் இல்லை.

நகர் ஏன் எஞ்சவில்லை என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலாவது, கட்டுமானப் பொருள். மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டுக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் தான் கோயில் அமைத்ததைப் பெருமையாகச் சொல்கிறது. அப்படியானால் அக்காலத்துக் கோயிலும் மாளிகையும் பொதுவாக அந்தப் பொருள்களால்தான் ஆகியிருந்தன. குடிமக்கள் வீடுகள் மண்ணும் ஓலையுமாக இருந்திருக்கும். அழியும் பொருள், ஆகவே அழிந்தது என்று முடித்துவிடலாம். ஆனால் நோர்ட்லிங்கனின் பழைய வீடுகளும் மரச்சட்டமும் களிமண்ணும் கொண்டவைதான். அவை நின்றதற்குக் காரணம் தலைமுறைதோறும் பழுது பார்க்கப்பட்டதே. நம் மழையும் கறையானும் கூடுதல் இடர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் பொருளின் தன்மை மட்டும் முழு விடையாகாது.

இரண்டாவது, போர். இந்த வட்டாரம் போர்க்களங்களின் நடுவே கிடக்கிறது. 949இல் தக்கோலத்தில் இராட்டிரகூட வேந்தன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு பொருது, சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். தொண்டை மண்டலம் பல ஆண்டுகள் இராட்டிரகூடர் கையில் இருந்தது. 1751இல் ஆற்காட்டு முற்றுகை, 1752இல் காவேரிப்பாக்கத்துப் போர். ஆயினும் மகேந்திரபுரத்தை ஒரு படை அழித்தது என்று காட்ட எந்தக் கல்வெட்டும் இல்லை. போர் ஊரை அழிக்கும் என்பதே விதியானால் 1634இல் நோர்ட்லிங்கன் அழிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஐயம் இன்னும் அடிப்படையானது. அப்படி ஒரு பெருநகர் உண்மையில் இருந்ததா? அரசன் தன் பெயரால் கோயிலும் ஏரியும் ஊரும் அமைத்து அதைப் பாடச்செய்த செய்யுளில், பெரிய நகர் என்பது புகழுரையாகவும் இருக்கலாம். நான் இந்த வாசிப்பின் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் முழுமையாக அல்ல. பெரிய ஏரி ஒன்றை வெட்டவும் பேணவும் ஆள்பலமும் நிர்வாகமும் வேண்டும். மதிலும் கடைத்தெருவும் உள்ள நகரம் இல்லாவிட்டாலும், நீரைப் பங்கிடும் வலுவான குடியிருப்புகளின் தொகுதி ஒன்று இங்கே இருந்திருக்க வேண்டும்.

அழிவைப் பற்றிப் பேசும்போது எடுத்துச் செல்லப்பட்டதையும் சேர்க்க வேண்டும். 1920களில் பிரெஞ்சு அறிஞர் ழுவோ-துப்ராய் காஞ்சிபுரம், காவேரிப்பாக்கம் வட்டாரத்தில் சேகரித்ததாகக் கருதப்படும் யோகினிச் சிற்பங்கள் இன்று ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவை எந்தக் கோயிலில், எந்த வரிசையில் இருந்தன என்று அறுதியிட முடியாதபடி போய்விட்டது. இடத்திலிருந்து பெயர்க்கப்பட்ட சிற்பம் அழகை இழக்காது. ஊர்தான் தன் சான்றை இழந்து நிற்கிறது.

5. ஏரி என்னும் ஆவணம்

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடலாம். இந்த வட்டாரத்து மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைமுறைதோறும் பழுது பார்த்துக் காத்தது எது? ஏரி.

காவேரிப்பாக்கம் இதைத் தெளிவாகக் காட்டும். பல்லவ வேந்தன் மூன்றாம் நந்திவர்மனோடு தொடர்புபடுத்தப்படும் அந்த ஏரி தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளுள் ஒன்று. அவனுடைய அவனிநாரணன் என்ற விருதைத் தாங்கி, அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று கல்வெட்டுகளில் ஊர் பெயர் பெற்றது. அந்தப் பெயரை இன்று ஊரில் யாரும் சொல்வதில்லை. ஆனால் ஏரியில் நீர் நிறைந்தால் சுற்றுவட்டாரம் முழுக்க அறியும். ஏரியைப் பேணுவது ஊர்ச் சபையின் வேலையாக இருந்தது. அருகிலுள்ள உத்திரமேரூரில் சோழ வேந்தன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆளெடுத்த விதிகளை விரிவாகச் சொல்கின்றன. உறுப்பினர் தகுதி, பதவிக்காலம், தகுதியிழப்பு எல்லாம் எழுதி வைத்தார்கள். நோர்ட்லிங்கன் நகரவை மதிலுக்கும் வாயிலுக்கும் காட்டிய கவனத்தை, இங்குள்ள சபைகள் கரைக்கும் மதகுக்கும் கலிங்குக்கும் காட்டின.

இதை ஒரு பொற்காலமாக வரைய எனக்கு விருப்பமில்லை. பிரமதேயச் சபையில் நிலமும் வேதக்கல்வியும் உடையவர்களுக்கே இடம். மண் சுமந்தவர்களும் மடை திறந்தவர்களும் அந்தப் பட்டியலில் இல்லை. பின்னாளில் குடிமராமத்து என்று பெயர் பெற்ற கூட்டுவேலையிலும் உழைப்பின் பாரம் தாழ்த்தப்பட்டோர் தோளில்தான் பெரிதும் விழுந்தது; நீரின் பங்கு நிலம் உடையவருக்குப் போயிற்று. அந்த உழைப்பை 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டத்தின் வழியே சென்னை அரசு சட்டக் கடமையாகவே ஆக்கியது. நோர்ட்லிங்கனும் இதற்கு விலக்கல்ல. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரம் தன் யூதர்களை வெளியேற்றியது. நன்றாகப் பேணப்பட்ட பழைய ஊர் எதுவானாலும், அதைப் பேணிய அமைப்பு யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஏரியின் தொடர்ச்சி பல்லவரோடு நிற்கவில்லை. வாலாஜாபேட்டைக்கு அருகே பாலாற்றின் குறுக்கே 19ஆம் நூற்றாண்டில் கட்டிய அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கத்துக்கு ஒரு கால்வாயும் மகேந்திரவாடிக்கு ஒரு கால்வாயும் பிரிகின்றன. 7ஆம் நூற்றாண்டு ஏரி 19ஆம் நூற்றாண்டு அணையோடு இணைந்து 21ஆம் நூற்றாண்டு நெல்லுக்கு நீர் பாய்ச்சுகிறது. கரை பலமுறை உயர்ந்திருக்கும், மதகுகள் மாறியிருக்கும். அதனால் இது பழையதல்ல என்று சொல்வோமானால், குண்டுவீச்சுக்குப் பின் எழுந்த ரோத்தன்பர்க் மதிலையும் பழையதல்ல என்றே சொல்ல வேண்டியிருக்கும்.

6. தோல் பதனிட்டவர் தெரு

நோர்ட்லிங்கனில் ஈகர் என்ற சிறு ஆறு ஊருக்குள் ஓடுகிறது. அதன் கரையில் தோல் பதனிடுவோர் குடியிருப்பு. வீடுகளின் மேல்தளங்கள் காற்று புகும்படி திறந்த மாடங்களாக இருக்கின்றன. நனைந்த தோலை விரித்துக் காயப்போட்ட இடங்கள் அவை. தொழில் எப்போதோ நின்றுவிட்டது. தண்ணீர் தெளிவாக ஓடுகிறது. நாற்றம் போனபின் வீடுகள் அழகாகிவிட்டன.

நம் வட்டாரத்தில் தொழில் நிற்கவில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை நெடுகப் பதனிடும் ஆலைகள் பெருகின. ஐரோப்பா தன் மண்ணில் குறைத்துக்கொண்ட ஈர வேலை, குரோமிய உப்பும் கழிவுநீருமான வேலை, பெருமளவில் நம்மைப் போன்ற நாடுகளுக்கு வந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகாததாகிவிட்டது என்ற ஆய்வை எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. 2025 ஜனவரி 30 அன்றும் அதே நீதிமன்றம் இதே பாலாற்றைப் பற்றி மீண்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கும் மகேந்திரவாடிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வாணியம்பாடியும் ஆம்பூரும் ஆற்றின் மேற்பகுதியில் உள்ளன. மகேந்திரவாடிக் கால்வாய் பிரியும் அணைக்கட்டு அவற்றுக்குக் கீழே. மகேந்திரவர்மனின் ஏரியைக் காப்பது என்றால், அதன் கரையைக் காப்பதோடு வேலை முடியாது. மேலே ஆற்றில் என்ன கலக்கிறது என்பதும் இந்தத் தொன்மையைக் காக்கும் வேலையின் பகுதிதான். தொல்லியலையும் சுற்றுச்சூழலையும் வெவ்வேறு துறைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பதால் இந்தத் தொடர்பு எந்தக் கோப்பிலும் ஒன்றாக எழுதப்படுவதில்லை. தோல் தொழிலை நம்பி வாழும் தொழிலாளர் குடும்பங்கள் மேலும் கீழும் இருக்கின்றன என்பதை நான் மறக்கவில்லை. அதனால்தான் சுத்திகரிப்பைப் பற்றிய கேள்வியும் தொன்மையைப் பற்றிய கேள்வியும் ஒரே மேசைக்கு வர வேண்டும் என்கிறேன்.

7. சட்டம் பார்ப்பதும் பாராததும்

பவேரியாவின் 1973ஆம் ஆண்டு நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டம் தனிக் கட்டடத்தோடு, கட்டடங்கள் சேர்ந்து அமைந்த தொகுதியையும் ஒரே சின்னமாக ஏற்கிறது. ஒரு தெருவில் எந்த வீடும் தனியே சிறப்பற்றதாக இருக்கலாம். தெருவாகச் சேரும்போது அதற்குக் காப்பு கிடைக்கிறது.

நம் சட்டம் வேறு வழியில் வந்தது. 1904இல் கர்சன் காலத்துச் சட்டம், 1958இல் மத்தியச் சட்டம், 2010இல் அதன் திருத்தம். மகேந்திரவாடிக் குடைவரை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. வட்டத்தின் மையம் பாறை. ஆனால் கல்வெட்டோ கோயிலை ஏரியின் அருகே, நகருக்குள் என்று இடம் சொல்லி நிறுத்துகிறது. வரத்துக்கால் இந்த வட்டத்துக்கு வெளியே பல கிலோமீட்டர் ஓடுகிறது. ஏரி ஆக்கிரமிப்பைத் தடுக்கும் தமிழ்நாட்டின் 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஏரியை நீர்நிலையாக மட்டும் பார்க்கிறது, வரலாறாக அல்ல. கல்வெட்டில் ஒரே செய்யுளாக இருப்பது நிர்வாகத்தில் இரண்டு துறைகளாகப் பிரிந்து கிடக்கிறது.

இந்தியாவில் ஊர் முழுவதையும் மரபிடமாக ஏற்பது இயலாததன்று. அகமதாபாத்தின் பழைய மதில் நகர் 2017இலும் ஜெய்ப்பூர் 2019இலும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் அவை கட்டடங்களால் ஆன நகரங்கள். ஏரி, கால்வாய், ஆயக்கட்டு, குடியிருப்பு என்று நீரால் கோக்கப்பட்ட ஒரு நிலப்பரப்பை ஒரே தொகுதியாக ஏற்பதற்கான கருத்துருவை நாம்தான் வகுக்க வேண்டும். தொண்டை மண்டலத்தை விட அதற்குப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

அவசரத்துக்குக் காரணமும் இருக்கிறது. இதே நெமிலி வட்டத்துப் பனப்பாக்கத்தில் சிப்காட் வளாகம் எழுந்துள்ளது. டாடா மோட்டார்ஸ் நிறுவனத்தின் 9,000 கோடி ரூபாய் வாகன ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னை-பெங்களூரு விரைவுச்சாலை இந்தப் பக்கமாகச் செல்கிறது. நம் பிள்ளைகளுக்கு இங்கேயே வேலை கிடைப்பதை வரவேற்கிறேன். நோர்ட்லிங்கனை வறுமை காத்தது போல நம் ஊரையும் வறுமை காக்கட்டும் என்று யாரும் விரும்ப முடியாது. ஆகவே இங்கே காக்கும் வேலையை அறிந்தே, திட்டமிட்டே செய்ய வேண்டும்.

தொடங்குவதற்கான பொருள் அரசிடமே உள்ளது. 1883இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தின்போது சென்னை மாகாணத்து ஏரிகளுக்குக் குறிப்பேடுகள் எழுதப்பட்டன: கரையின் நீளம், மதகுகளின் இடம், கலிங்கின் மட்டம், ஆயக்கட்டின் பரப்பு. ஃபிரிட்ரிக்ஸுக்கு நோர்ட்லிங்கனின் வரிப்பதிவேடுகள் எப்படியோ, மகேந்திரவாடியை ஆராய்பவருக்கு இவை அப்படி. இந்தக் குறிப்பேடுகளையும் கிராமப் புலப்படங்களையும் வட்டாரக் கல்வெட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம், பனப்பாக்கம், தக்கோலம் ஆகிய ஊர்களின் நீர்வழிகளுக்கு ஒரே வரைபடம் தயாரிக்க வேண்டும். மடை திறந்து மூடும் முறையை நினைவில் வைத்திருக்கும் நீர்க்கட்டிகளின் வாய்மொழியையும் அதில் சேர்க்க வேண்டும். மகேந்திரபுரம் எவ்வளவு பெரியது என்ற கேள்விக்கு விடை கிடைக்குமானால், அந்த வரைபடத்தில் பழைய குடியிருப்பு மேடுகள் எந்த மதகைச் சுற்றித் திரள்கின்றன என்பதிலிருந்தே கிடைக்கும். அகழாய்வுக் குழி எங்கே போடுவது என்பதையும் அதுவே காட்டும்.